இடது கண் துடித்த ஏழு மாதம்

என் இடது உள்காதுக்குள் இருபத்திரண்டு மின்முனைகள் இருக்கின்றன. அவற்றில் ஐந்து வேலை செய்வதில்லை. பழுதாகிவிட்டன என்று நினைக்க வேண்டாம். நான்தான் நிறுத்தச் சொன்னேன். இதைச் சொன்னால் மனோர் பார்க்கில் எங்கள் தெருவில் இருக்கும் தமிழாட்கள் எல்லோரும் செத்த வீட்டு முகத்தை வைத்துக்கொண்டு, "ஐயோ, அஞ்சு பழுதாப் போச்சோ?" என்று கேட்கிறார்கள். போகவில்லை, நிறுத்தினேன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மொழிபெயர்ப்பாளர். புத்தகம் மொழிபெயர்க்கிறவள் அல்ல, வாயால் செய்கிறவள். ஆஸ்பத்திரி, கவுன்சில், சட்டத்தரணியின் அலுவலகம், அகதி விசாரணை என்று ஒரு தமிழர் எந்த மேசைக்கு முன்னால் இருத்தப்பட்டாலும் பக்கத்துக் கதிரையில் நான் இருந்திருக்கிறேன். பத்தொன்பது வருடம். இந்த வேலைக்குக் காதுதான் முதல், வாய் அதற்குப் பிறகு. எனக்கோ காதெலும்பு மெல்ல மெல்ல இறுகிக்கொண்டு போகிற வியாதி. முப்பத்தைந்து வயதில் வலது காது போனது. இடது காதில் ஒரு கருவியை மாட்டி, தலைமயிரால் மறைத்து, எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்து எப்படியோ சமாளித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் அதுவும் கைவிட்டது.

எனக்கு வேலை தருகிற ஏஜென்சி என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தது. எடுத்தோம் என்று நேராகச் சொல்லக்கூட அவர்களுக்கு வாய் வரவில்லை. 'தற்போதைக்கு ஓய்வு' என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். யார் கேட்டது ஓய்வு? நான் பதில் எழுதினேன், மறுபடியும் எழுதினேன், கடைசியில் நேரே போய் நின்றேன். அங்கிருந்த மேலாளர் அம்மா ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினார்: காதுக்குள் மின்கருவி வைத்த பிறகு ஒரு வருடம் பார்ப்போம். அதற்குள் உங்கள் ஆஸ்பத்திரி, பேச்சு விளங்குகிறது என்று கடிதம் தந்தால் திரும்பச் சேர்ப்போம். தராவிட்டால் பெயரை முற்றாக எடுத்துவிடுவோம்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் பஸ் ஓட்டுகிறவர், சண்டைக்குப் போகாத மனிதர். அவரும் ஒரு கடதாசியை எடுத்து, "போதும்தானே. அரசாங்கம் தாற பெனிபிட் காசுக்குப் போம் போடுவம்" என்று எழுதினார். நான் அதன் கீழே "நீங்கள் போடுங்கோ" என்று எழுதிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

ஆபரேஷன் செய்து இடது காதுக்குள் கருவியை வைத்தார்கள். அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காதுக்குப் பின்னால் ஒரு சிறிய பெட்டி. அதிலிருந்து போகும் வயரின் நுனியில் ஒரு வட்டத் தகடு, தலைத்தோலோடு காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். தோலுக்கு உள்ளே இருந்து ஒரு நூல் நத்தைக் கூடு போன்ற உள்காதுக்குள் சுருண்டு போகும். அந்த நூலில்தான் இருபத்திரண்டு மின்முனைகளும். பெட்டி சத்தத்தைக் கூறு போட்டு மின்சாரமாக அனுப்ப, ஒவ்வொரு முனையும் தனக்குப் பக்கத்திலிருக்கும் நரம்பைத் தட்டும். உள்ளே ஆழத்தில் இருப்பவை தடித்த சத்தம், வாசலில் இருப்பவை கீச்சுச் சத்தம். திட்டம் அருமையான திட்டம்.

ஆனால் ஒவ்வொரு முனைக்கும் எவ்வளவு மின்சாரம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு ஓடியோலஜிஸ்ட், கேட்கும் திறனைச் சோதிக்கிற நிபுணர். ஸ்கொட்லாந்துப் பெண், என் மகளின் வயதுதான் இருக்கும். கணினியில் ஒரு முனையைத் தட்டுவாள், எனக்குள் 'பீப்' என்று கேட்கும். என் கையில் ஒரு அட்டை. கேட்கவில்லை, மெதுவாகக் கேட்கிறது, சுகமாக இருக்கிறது, கூடிப்போயிற்று என்று படிப்படியாகப் போட்டிருக்கும். விரலை வைத்துக் காட்ட வேண்டியதுதான் என் வேலை.

அங்கேதான் நான் என் வண்டவாளத்தைக் காட்டினேன். "இது சுகமா?" என்று கேட்பாள். சுகம் என்பேன். "இன்னும் கூட்டலாமா?" கூட்டுங்கள். "இது?" சரி. "இது?" சரி. எல்லாம் சரி! மண்டைக்குள் ஆணி இறக்குவது போல இருந்தாலும் விரல் 'சுகமாக இருக்கிறது' என்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஏன்? ஒன்று, இவ்வளவு பெரிய ஆபரேஷனைச் செய்து தந்திருக்கிறார்கள், அவர்களிடம் போய் முகத்தைச் சுளிப்பதா என்ற எண்ணம். இன்னொன்று, ஆசை. கூடக் கூடக் கேட்டால் கெதியாக வேலைக்குப் போகலாம் என்ற ஆசை.

வெட்கக்கேடு என்னவென்றால், இதே காரியத்துக்காக எத்தனையோ பேரில் நான் எரிந்து விழுந்திருக்கிறேன். அதிகாரி ஏதோ கேட்பார், நம்முடைய ஆள் விளங்காமலே "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார். பிறகு அந்த ஓம் எல்லாம் அவருக்கு எதிராகவே காகிதத்தில் நிற்கும். அறைக்குள் நான் புத்தி சொல்லக்கூடாது, அது சட்டம். வெளியே வந்ததும் பொறுக்கமுடியாமல், "விளங்காட்டி விளங்கேல்லையெண்டு சொல்லுறதுக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்ட மகராசி, தன் முறை வந்ததும் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.

கேட்டது என்ன? கூழ். ஒடியல் கூழுக்குள் மீனும் நண்டும் பயற்றங்காயும் கலந்து கிடப்பது போல, பஸ்ஸின் பிரேக்கும் கோப்பை கழுவும் சத்தமும் கணவரின் குரலும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கூழிலாவது ருசி உண்டு. யார் கதைக்கிறார்கள் என்று தெரியும், என்ன கதைக்கிறார்கள் என்று தெரியாது. பழகப் பழகச் சரியாகும் என்றார்கள். பழகினேன். சரியாகவில்லை.

இதோடு இடது கண் துடிக்கத் தொடங்கியது. கீழ் இமை படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒருநாள் சாப்பிடும்போது கணவர் கவனித்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இடது கண்ணே துடிக்குது? பொம்பிளையளுக்கு இடது கண் துடிச்சா நல்லதப்பா! உமக்கு வேலை கிடைக்கப்போகுது, பாரும்."

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நாங்கள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். சகுனம் பார்ப்பது பாவம் என்று மறைக்கல்வியில் படித்தவர்கள். ஆனால் இடது கண் துடிக்கும்போது எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு மனம் குளிராது? எனக்கும் குளிர்ந்தது. கோவிலில் ஓர்கன் வாசிக்கத் தொடங்கினால் கண் ஒரே ஆட்டம். மாதாவே, ஒரு வழி காட்டப்போகிறாய் என்று நான் கைகூப்பி இருந்தேன். ஏழு மாதம் இப்படியே போயிற்று. அந்த ஏழாவது மாதம் வசனப் பரிசோதனை வைத்தார்கள். ஒலிப்பதிவில் ஒரு குரல் ஒவ்வொரு வசனமாகச் சொல்லும், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதிகூடச் சொல்லவில்லை. ஏஜென்சி தந்த வருடத்தில் ஐந்து மாதம்தான் மிச்சம்.

அதன் பிறகு வந்த சந்திப்பில் ஓடியோலஜிஸ்ட் வேறு ஒரு சோதனை செய்தாள். பக்கத்துப் பக்கத்து முனைகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டி, எது கீச்சு, முதலாவதா இரண்டாவதா என்று கேட்டாள். பல சோடிகள் எனக்கு ஒரே மாதிரித்தான் கேட்டன. நான் விடுவேனா? "இரண்டாவது." "முதலாவது." சத்தமாக, தெளிவாக, ஒரு தயக்கமும் இல்லாமல் பொய் சொன்னேன். நடுவில் அவள் அட்டையை எடுக்க என் பக்கம் திரும்பினாள். கையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"உங்கள் கண்!"

"அது நல்லது" என்றேன்.

அவள் அதே முனையை மறுபடி தட்டினாள். பீப், கண் துடித்தது. பீப், கண் துடித்தது. எவ்வளவு காலமாக என்று எழுதிக் காட்டினாள். ஏழு மாதம் என்றேன். ஏன் சொல்லவில்லை என்று எழுதினாள். "எங்கள் ஊரில் பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்ல செய்தி வரும்" என்றேன். அவள் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் வந்ததே ஒரு கோபம்! அவளில் அல்ல, என்னில்.

அவள் ஒரு படம் வரைந்து விளக்கினாள். முகத்து நரம்பு உள்காதுக்குப் பக்கத்தால்தான் ஓடுகிறது. எனக்கு வந்த வியாதியால் நடுவிலிருக்கும் எலும்பு கெட்டுப்போயிருக்கிறது, அதனால் மின்சாரம் கசிந்து அந்த நரம்பையும் தட்டுகிறது. கசிவு அங்கே மட்டுமில்லை. உள்காது முழுக்கத் தண்ணீர். ஒரு முனையில் விடுகிற மின்சாரம் அந்த இடத்திலேயே நிற்காது, பரவும். கூட்டக் கூட்டப் பரவல் கூடும். ஏழாவது முனை தட்ட வேண்டிய நரம்பை எட்டாவதும் தட்டும், ஒன்பதாவதும் தட்டும். மூளைக்கு எது எவருடைய சொல் என்று தெரியாது.

எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. ஒரு மேசையைச் சுற்றி இருபத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் எந்த மொழிபெயர்ப்பாளராலும் ஒன்றும் செய்ய ஏலாது. நான் என்ன செய்திருக்கிறேன்? ஏழு மாதமாக அந்த இருபத்திரண்டு பேரையும் இன்னும் கத்துங்கள், இன்னும் கத்துங்கள் என்று உசுப்பேத்தியிருக்கிறேன்.

"முதலிலிருந்து செய்வோம். நான் சொன்னதெல்லாம் பொய்" என்றேன்.

அன்று இரண்டரை மணித்தியாலம் இருந்தோம். சுகமா என்று கேட்டாள். இல்லை. இது? இல்லை, குறையுங்கள். இதில் எது கீச்சு? தெரியாது, இரண்டும் ஒன்றுதான். இது? ஒன்றுதான். வாழ்க்கையில் ஒரே நாளில் அத்தனை 'இல்லை' நான் சொன்னதில்லை. அவளோ ஒவ்வொரு இல்லைக்கும் சந்தோஷப்பட்டு எழுதிக்கொண்டே போனாள். முடிவில், கண்ணைத் துடிக்க வைப்பவை இரண்டு, பக்கத்து முனையிலிருந்து பிரித்தறிய முடியாதவை மூன்று என்று ஐந்தைக் குறித்தாள். மிச்சத்துக்கு மின்சாரத்தைக் குறைத்தாள். முதலில் இரண்டை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம், மற்றதைப் பற்றி வீட்டிலும் கேட்டுவிட்டு வாருங்கள் என்றாள்.

"வீட்டில் யாரைக் கேட்பது? காது என்னுடையது. ஐந்தையும் நிறுத்துங்கள்."

நிறுத்தினாள். பழைய அமைப்பை அழிக்காமல் இரண்டாவது இடத்தில் வைத்தாள். பெட்டியில் ஒரு பொத்தானை அமர்த்தினால் அது வரும். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

வீட்டில் பூகம்பம். எழுதிக் காட்டப் பொறுமையில்லாமல் கணவர் என் முகத்துக்கு நேரே நின்று உதட்டை அகல அகலத் திறந்து கதைத்தார்.

"இருபத்திரண்டு தந்திட்டு அஞ்சை நிப்பாட்டினதோ? வெள்ளைக்காரிக்கெண்டா நிப்பாட்டுவினமோ? நீர் ஏன் பேசாமல் வந்தனீர்?"

"நான் பேசித்தான் நிப்பாட்டினது."

"உமக்கென்ன விசரே?"

பைத்தியம்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. முதல் மூன்று வாரமும் உலகம் சுருங்கிப்போய்க் கேட்டது. தகரப் பேணிக்குள் யாரோ குசுகுசுப்பது போல இருந்தது. பழைய இரைச்சலாவது நான் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டியது, இது அதுவும் இல்லை. பூசையில் ஓர்கன் வாசித்தார்கள், கண் ஆடவில்லை. எனக்கு அழுகை வந்தது. விரல் தானாகக் காதுக்குப் பின்னால் போய் அந்தப் பொத்தானைத் தடவும். ஒருமுறை அமர்த்தியும் விட்டேன். கோவில் முழுக்க 'ஓ' என்று மண்டைக்குள் விழுந்தது, கண் படபடத்தது. அடச்சீ என்று திருப்பி அமர்த்தினேன். அதற்குப் பிறகு தொடவில்லை. அடுத்த சந்திப்பில் பழைய அமைப்பை அழிக்கச் சொன்னேன். ஓடியோலஜிஸ்ட் இரண்டு தரம் கேட்டாள், இரண்டு தரமும் அழி என்றேன்.

தினமும் காலையில் தமிழ் வானொலியில் செய்தியும் பிறகு ஆங்கிலச் செய்தியும் கேட்டேன். கேட்பதைத் திருப்பிச் சொன்னேன். கணவரின் உதட்டைப் பார்ப்பதை நிறுத்தினேன். கதைக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்து, நான் அவரை அவமதிக்கிறேன் என்று இரண்டு நாள் கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும் என்று விட்டேன்.

ஏழாவது வாரம் ஒரு சனிக்கிழமை. நான் குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கணவர் முன்வாசல் பக்கம் முதுகைக் காட்டியபடி நின்று ஆர்ச்வேயில் இருக்கும் தங்கச்சியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார். வழமை போல அது எனக்குப் பின்னணியில் ஓடுகிற சத்தம்தான். திடீரென்று அந்தச் சத்தம் பிரிந்தது. சொல் சொல்லாக வந்தது.

"இல்லையடி, இனி அவ வேலைக்குப் போகமாட்டா. நான் சொல்லேல்லை, மனம் நொந்துபோவா. பெனிபிட் போமை எடுத்து வைச்சிருக்கிறன்."

கத்தியை வைத்துவிட்டு அவர் பின்னால் போய் நின்றேன்.

"போவன்" என்றேன்.

மனிதர் போனைத் தவறவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "உமக்குக் கேட்டதோ?" என்றார். "முழுக்க. போமை எங்க வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு விக்கி விக்கி அழத் தொடங்கிவிட்டார். அவர் அழுத சத்தமும் எனக்குக் கேட்டது. எனக்கு ஒரு பக்கம் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் மறு பக்கம் இரண்டு சாத்த வேண்டும் போலவும் இருந்தது. போமை வாங்கிக் கிழித்துப்போட்டேன்.

பதினோராவது மாதம் வசனப் பரிசோதனையில் இரண்டு வசனம்தான் தவறினேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கொண்டுபோய் ஏஜென்சி மேலாளர் அம்மாவின் மேசையில் வைத்தேன். வாசித்துவிட்டு, தொலைபேசி வேலையும் செய்வீர்களா என்று கேட்டார். செய்யமாட்டேன் என்றேன். போனில் எனக்கு ஏழு சொல் விழுந்தால் எட்டாவது விழாது, அதை வைத்துக்கொண்டு ஒருவருடைய வழக்கில் நான் விளையாட மாட்டேன். நேரில் மட்டும். அதோடு என் பெயருக்குப் பக்கத்தில், என்னைப் பார்த்துக் கதைக்க வேண்டும், ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் கதைக்க வேண்டும் என்று எழுதச் சொன்னேன். அப்படி எழுதினால் சிலருக்குப் பிடிக்காது, வேலை குறையும் என்றார். குறையட்டும், எழுதுங்கள் என்றேன். அவர் தட்டச்சு செய்து முடிக்கும்வரை நான் எழும்பவில்லை.

முதல் வேலை குரோய்டனில், டிராம் போகிற வீதியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகம். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டுக்குக் காத்திருக்கும் ஒருவர், மன்னார்ப் பக்கம், நாற்பது வயதிருக்கும். கழுத்துவரை பொத்தான் போட்ட சேர்ட், மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. சட்டத்தரணி இளம் வெள்ளைக்காரர். கணினித் திரையைப் பார்த்தபடியே மளமளவென்று கதைத்தார், தட்டச்சும் செய்தார். விசைப்பலகைச் சத்தம் அவருடைய சொல்லுக்கு மேல் விழுந்தது.

"மன்னிக்கவும், எனக்குக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். நிச்சயமாக என்றார். ஒரு வசனம் என்னைப் பார்த்துச் சொன்னார், அடுத்தது திரைக்குப் போயிற்று. நான் மறுபடி நிறுத்தினேன். மூன்றாவது தரம் நிறுத்தியபோது பெருமூச்சு விட்டார். நாலாவது தரம் தன் மணிக்கூட்டைப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. பேசாமல் ஊகித்துச் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஊகிக்க எனக்குத் தெரியும். ஆனால் கையைத் தூக்கி ஐந்தாவது தரமும் நிறுத்தினேன்.

அப்போது பக்கத்திலிருந்தவர் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்:

"அக்கா, கோவிக்காதேங்கோ. அந்தாளுக்கு எரிச்சல் வரப் பண்ணாதேங்கோ. என்ரை கேஸ் அவற்றை கையிலதான் கிடக்கு."

எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. அறைக்குள் சொல்லப்படுகிற ஒவ்வொரு சொல்லையும் மற்ற மொழியில் சொல்லியே ஆக வேண்டும். இரகசியம் கிடையாது. எனக்குச் சொன்னதென்றாலும் விழுங்கக்கூடாது. அதுவும் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லாமல், அவர் சொன்னபடியே 'நான்', 'என்' என்று சொல்ல வேண்டும். சொன்னால் இந்த மனிதருடைய வழக்குக்குக் கேடு வருமோ என்று பயந்தேன். நிமிர்ந்து இருந்து, சட்டத்தரணியைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்:

"அக்கா, கோவிக்க வேண்டாம். அவருக்கு எரிச்சல் வரப் பண்ண வேண்டாம். என் வழக்கு அவர் கையில்தான் இருக்கிறது."

தட்டச்சு நின்றது. பக்கத்திலிருந்தவருக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரிந்திருந்தது. ஐயோ என்று தலையில் கைவைத்தார். சட்டத்தரணி கதிரையை முழுதாகத் திருப்பினார். முகம் சிவந்திருந்தது. என்னையல்ல, மன்னார்க்காரரைப் பார்த்து, மெதுவாக, "என்னைக் கண்டு பயப்படுகிறீர்களா?" என்று கேட்டார்.

நான் தமிழில் கேட்டேன்.

மன்னார்க்காரர் பிளாஸ்டிக் கோப்பை மடியில் இறுக்கிப் பிடித்தார். என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் காட்டவில்லை, காட்டக்கூடாது. பிறகு நேரே சட்டத்தரணியைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "அரை மணித்தியாலமா உங்களுக்கு முன்னால இருக்கிறன். என்ரை முகத்தை நீங்கள் இப்பத்தான் பாக்கிறியள்."

ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது. ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.